எந்தக் கல் அதிக எண்ணெய் குடிக்கும்? ஒன்பதாம் வகுப்பு மாணவியின் ஆய்வுக்கு யோசனை தேவை

திருவாரூர்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு "பாறைகள் கச்சா எண்ணெயை எப்படி உறிஞ்சுகின்றன" என்று தலைப்பை அவளாகவே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்குப் போகிற வழியில் வேலி போட்ட எண்ணெய்க் கிணறு ஒன்று இருக்கிறது. "கல்லுக்குள் எப்படிப்பா எண்ணெய் இருக்கும்?" என்று ஆரம்பித்தவள் விடவே இல்லை. நான் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன், படித்தது பி.காம். சுவிட்ச் பாக்ஸ் பற்றிக் கேட்டால் சொல்வேன், பாறை பற்றிக் கேட்டால் முழிக்கிறேன்.

இதுவரை சேர்த்த கற்கள்: வல்லம் பக்கத்துச் செம்பூராங்கல், அரியலூர் உறவினர் கொடுத்த சுண்ணாம்புக்கல், சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கடப்பாக்கல், ஜல்லிக் கருங்கல், டைல்ஸ் கடையில் வாங்கிய ராஜஸ்தான் மணற்கல் துண்டு. கூடவே ஒரு செங்கல். சமையலறைத் தராசில் எடை போட்டு, கடலை எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் திரும்ப எடை போட்டோம். செங்கல் நன்றாகக் குடித்தது. மணற்கல்லும் அரியலூர்க் கல்லும் ஓரளவு. கருங்கல்லில் எண் அசையவே இல்லை. கடப்பாவும் அப்படித்தான். கடப்பாவும் சுண்ணாம்புக்கல்தானே, அரியலூர்க் கல் குடிக்கிறது, இது மட்டும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்று சந்தேகங்கள். கச்சா எண்ணெய் எங்கே வாங்கலாம்? எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? இந்தத் தராசு போதுமா?


ஸ்பேனர்_மணி எழுதியது:

அண்ணே, கச்சா எண்ணெய் கடையில் கிடைக்காது. எந்த மெக்கானிக் ஷெட்டில் கேட்டாலும் பழைய இன்ஜின் ஆயில் சும்மா கொடுப்பார்கள். கறுப்பாக, பார்க்கவும் கச்சா எண்ணெய் மாதிரியே இருக்கும். மாநாட்டில் வைத்தால் எடுப்பாக இருக்கும்.


கோர்_பெட்டி எழுதியது:

மணி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, பழைய இன்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம். வண்டியில் ஓடி ஓடிக் கருகியதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கும், உலோகத் தூளும் இருக்கும். பிள்ளைகள் கையால் தொட்டுத் துடைக்கிற வேலைக்கு அது ஆகாது. கச்சா எண்ணெயும் அப்படித்தான். பென்சீன் உண்டு, சில கிணறுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு, சுலபமாகத் தீப்பிடிக்கும். எங்காவது கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

நான் காவிரிப் படுகையில் கோர் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோர் என்றால், கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் பாறை. பெட்டி திறந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்யும், லேசாக மண்ணெண்ணெய் வாடை. பிறகு புற ஊதா விளக்கின் கீழே வைப்போம். வெளியே சாதாரணச் சாம்பல் நிறக் கல், விளக்குக்குக் கீழே எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் மஞ்சளாக மினுங்கும். அதைப் பார்த்த யாரும் பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் மகள் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

எண்ணெய்க்கு மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுப்பார்கள். அதுவும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுத்ததுதான், வாசனை இல்லை, சுலபமாகத் தீப்பிடிக்காது. கடலை எண்ணெய் நாள்பட நாள்படக் காற்றுப் பட்டுப் பிசுபிசுத்துவிடும், எடையும் மாறும். மண்ணெண்ணெய் நல்ல பொருள்தான், ஆனால் இப்போது கிடைப்பதே குதிரைக் கொம்பு, தீ பயமும் உண்டு. லிக்விட் பாரஃபின் நிறமற்றது என்பதுதான் குறை. அதற்கு நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை வாங்கிப் போட்டு வெயிலில் வையுங்கள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைச் சிவப்பாக்கும் அதே பட்டைதான். சிவப்பு ஏறியதும் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சாயம் எண்ணெயில்தான் கரையும். இது பின்னால் ரொம்ப உதவும்.

தராசு விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் உங்கள் கருங்கல் மாட்டிக்கொண்டது. மணற்கல் என்பது பொரிவிளங்காய் உருண்டை மாதிரி. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நடுவே சந்து இருக்கும். அந்தச் சந்துகளின் மொத்த அளவு கல்லின் கன அளவில் எத்தனை சதவீதமோ அதுதான் நுண்துளைமை. 15% நுண்துளைமை உள்ள மணற்கல்லில் 100 கிராம் எடுத்தால், மணியின் அடர்த்தி 2.65 என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 6.7 மி.லி. காலியிடம் இருக்கும். பாரஃபினின் அடர்த்தி சுமார் 0.85. முழுக்க நிரம்பினால் 5.7 கிராம் ஏறும். உங்கள் தராசுக்கு அது தெரியும். கருங்கல்லில் நுண்துளைமை வழக்கமாக 1 சதவீதத்துக்கும் கீழே. அரை சதவீதம் என்று வைத்தால் 100 கிராமுக்கு 0.16 கிராம்தான் ஏறும். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் தராசில் அது பூஜ்யம். ஆகவே கருங்கல் குடிக்கவில்லை என்று இப்போதே எழுதிவிட வேண்டாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஆன்லைனில் விற்கிறது. நகைக் கடைக்காரர் யாராவது தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது.

ஆனால் நல்ல தராசு வந்ததும் அடுத்த சிக்கல் வரும். 100 கிராம் கருங்கல் துண்டின் மேற்பரப்பு சுமார் 70 சதுர செ.மீ. இருக்கும். அதன் மேல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனுக்கு எண்ணெய் ஒட்டியிருந்தாலே 0.3 கிராம். உள்ளே போனதைவிட வெளியே ஒட்டியது அதிகம்! அதனால் துடைக்கும் முறை எல்லாக் கல்லுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உலர்ந்த துணி உள்ளே போனதையும் இழுத்துவிடும். அதே எண்ணெயில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் கொட்டியிருந்த பாறாங்கற்கள் எல்லாம் தார் பூசியது போல் ஆனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது ஒட்டியது. உறிஞ்சியது வேறு. இந்த வித்தியாசத்தை உங்கள் மகள் எழுதினால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

கடப்பா சமாச்சாரம் சுலபம். இரண்டும் வேதியியல்படி கால்சியம் கார்பனேட்தான், ஆனால் கல்லின் பெயரை வைத்து எண்ணெய் கணக்குப் போட முடியாது. அரியலூர்க் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், பல துண்டுகளில் சிப்பி ஓடு உடைந்த தடங்கள் தெரியும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடம் மிஞ்சியிருக்கிறது. கடப்பா அதைவிடப் பல மடங்கு பழையது. மிக நுண்ணிய சேறு இறுகி இறுகிச் சந்தெல்லாம் அடைபட்ட கல். அதனால்தான் சமையல் மேடைக்குப் போடுகிறோம். மும்பை ஹை வயலில் 1974ல் எண்ணெய் கிடைத்ததும் சுண்ணாம்புக்கல்லில்தான். உங்கள் வீட்டு மேடையும் அதே வகைக் கல்தான், எண்ணெய் கொட்டினால் துடைத்துவிடலாம்! ஒரு விஷயம், மேடைக்கல்லில் பாலிஷோ மெழுகோ போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை உடைத்துத் தள்ளிவிட்டு உள்கல்லை மட்டும் எடுங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். நேரத்தைவிடக் காற்றுதான் எதிரி. கல்லை ஒரேயடியாக எண்ணெயில் முக்கினால் எல்லாப் பக்கமும் எண்ணெய் அடைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். முதலில் கால்வாசி மூழ்கும்படி வையுங்கள், பிறகு பாதி, கடைசியில் முழுதும். எடை மாறாமல் நிற்கும் வரை போட்டுப் பாருங்கள். லேபில் வெற்றிடப் பம்ப் வைத்துக் காற்றை இழுப்போம். வீட்டில் அதையே ஊசி போடும் சிரிஞ்சில் செய்யலாம். ஊசி வேண்டாம், 20 மி.லி. குழாய் மட்டும். பட்டாணி அளவு மணற்கல் துண்டை உள்ளே போட்டு, பாதி எண்ணெய் நிரப்பி, மேலே உள்ள காற்றை வெளியே தள்ளி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுக்கச் சொல்லுங்கள். கல்லிலிருந்து நூல் பிடித்த மாதிரி குமிழ் வரிசையாக வரும். ஒவ்வொரு குமிழும் ஒரு சந்திலிருந்து வருகிறது. பிஸ்டனை விட்டால் அந்த இடத்துக்கு எண்ணெய் போகும். செங்கல்லிலும் கருங்கல்லிலும் அதையே செய்து பார்த்தால், எதில் சந்து இருக்கிறது என்று தராசே இல்லாமல் தெரிந்துவிடும்.


வகுப்பறை_டீச்சர் எழுதியது:

கோர்_பெட்டி ஐயா சொன்னதோடு பள்ளிப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். மாநாட்டுக்குப் பிள்ளைகளை வருஷாவருஷம் அழைத்துப் போகிறவள் நான்.

கற்களை முதலில் காயவையுங்கள். இதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். செம்பூராங்கல்லும் செங்கல்லும் காற்றில் இருந்தே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆய்வகம் என்றால் 105 டிகிரி அடுப்பில் வைப்பார்கள். உங்களுக்கு நல்ல வெயில் போதும். இரண்டு முறை அடுத்தடுத்து எடை போட்டு ஒரே எண் வந்தால் காய்ந்தது என்று அர்த்தம். கேஸ் அடுப்பில் நேராக வைத்துவிடாதீர்கள், ஈரக்கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

ஒவ்வொரு கல்லிலும் குறைந்தது மூன்று துண்டு எடுத்துச் சராசரி போடட்டும். எண்ணெய் குடித்த துண்டை மறுபடி தண்ணீர்ச் சோதனைக்குப் பயன்படுத்த முடியாது, அதனால் முதலிலேயே தண்ணீருக்கு ஒரு செட், எண்ணெய்க்கு ஒரு செட் என்று உடைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று. ஏறிய எடையை அப்படியே ஒப்பிட்டால் "கல்லுக்குத் தண்ணீர்தான் அதிகம் பிடிக்கும்" என்று தவறான முடிவு வரும். ஐயா சொன்ன கல்லே தண்ணீர் என்றால் 6.7 கிராம் ஏறும், எண்ணெய் என்றால் 5.7 கிராம். இரண்டும் ஒரே இடத்தைத்தான் நிரப்பியிருக்கின்றன. எடையை அடர்த்தியால் வகுத்துக் கன அளவாக எழுதச் சொல்லுங்கள்.

வேகத்தையும் பார்க்க ஆசை இருந்தால், மணற்கல்லையோ செங்கல்லையோ நீளமான பட்டையாக வெட்டி நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு செ.மீ. எண்ணெய் ஊற்றி, ஈரம் ஏறும் உயரத்தைப் பென்சிலால் குறிக்கலாம். 1, 4, 9, 16 நிமிடங்களில் குறியுங்கள். கோடுகள் கிட்டத்தட்டச் சம இடைவெளியில் விழும். உயரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறுகிறது, இது 1921ல் வாஷ்பர்ன் எழுதிய சமன்பாடு. பத்தாவது போகாத பிள்ளை வர்க்கமூலத்தைக் கல்லில் காட்டினால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எண்ணெய் பிசுக்கு அதிகம் என்பதால் தண்ணீரைவிட மெதுவாக ஏறும், பொறுமை வேண்டும்.

டெல்டா மாவட்டத்துப் பிள்ளை எண்ணெய் என்று தலைப்பு வைத்தால் டெல்டாவில் புது எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை போட்டு 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். கட்சி கட்ட வேண்டாம், ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்திருக்கட்டும்.


திருவாரூர்_அப்பா எழுதியது:

ஐயா, டீச்சர், ரொம்ப நன்றி. மணி தம்பிக்கும்தான், கேட்டதும் முதலில் வந்தது நீங்கள். சிரிஞ்ச் வேலையைக் கடையிலேயே செய்து பார்த்தோம். குமிழ் வந்ததும் வாடிக்கையாளரை நிறுத்திக் காட்டுகிறாள், வியாபாரம் கெட்டது! நகைக் கடை நண்பரின் தராசும் கிடைத்துவிட்டது.

இப்போது அவளுக்குப் புதுச் சந்தேகம். கல் காய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகிறது, சரி. ஆனால் பூமிக்கு அடியில் கல் எப்படிக் காய்ந்திருக்கும்? அங்கே தண்ணீர் அல்லவா இருக்கும்?


கோர்_பெட்டி எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பாப்பாவுக்கு என் சபாஷைச் சொல்லுங்கள். பல பேர் இந்த இடத்துக்கு வராமலே ஆய்வை முடித்துவிடுவார்கள்.

கடலடியில் மணல் படியும்போதே சந்துகளில் தண்ணீர்தான் இருக்கும். எண்ணெய் பிறகு வருகிறது. வேறொரு கல்லில், களிமண் இறுகி உண்டான களிப்பாறையில், உண்டாகி, தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மேலே ஏறி, மணற்கல்லின் சந்துகளில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டும். தண்ணீர் சும்மா இடம் விடாது. மணிகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு செங்கல் துண்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, அதன் பிறகு சிவப்பு எண்ணெயில் போடுங்கள். காய்ந்த துண்டு குடித்ததில் ஒரு சொட்டாவது குடிக்கிறதா பாருங்கள். உடைத்தால் உள்ளே சிவப்பு இருக்காது.

இப்போது தலைகீழாகச் செய்யுங்கள். சிவப்பு எண்ணெய் நிரம்பிய செங்கல் துண்டைத் துடைத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீருக்குள் போட்டு அசைக்காமல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல்புறத்தில் வியர்வை போலச் சிவப்பு முத்துக்கள் முளைக்கும். ஒவ்வொன்றாகப் பெருத்து, கழுத்து மெலிந்து, அறுந்து, மேலே போய் மிதக்கும். ஓரிடத்தில் ஒன்று போனதும் அதே இடத்தில் அடுத்தது வரும், ஏனென்றால் எண்ணெய் வெளியேற அகலமான வாசல் சிலதான் இருக்கும். மற்ற சின்னச் சந்துகள் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைந்து எண்ணெயைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். ஆய்வகத்தில் இதை அமாட் சோதனை என்பார்கள், 1959ல் வந்தது.

முத்து வருவது நின்ற பிறகு கல்லை உடைத்துப் பாருங்கள். உள்ளே இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும். எண்ணெய் வயலிலும் இதே கதைதான். உலக அளவில் சராசரியாகப் பார்த்தால் கல்லில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மேலே வருகிறது, மீதி கல்லோடு தங்கிவிடுகிறது. இன்னொரு துண்டை எடுத்து, தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுச் செய்து பாருங்கள், முத்துக்கள் சின்னச் சின்னதாக அறுந்து வரும். பரப்பு இழுவிசை குறைவதுதான் காரணம். வயலிலும் சில இடங்களில் இதே தத்துவத்தில் ரசாயனம் கலந்த தண்ணீரை உள்ளே செலுத்துகிறார்கள்.

எண்ணெய் மேலே ஏறிக்கொண்டே போனால் தரைக்கு வந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பாள். நடுவில் களிப்பாறை மூடி இருக்கிறது. அதிலும் சந்து உண்டு, ஆனால் அவ்வளவு நுண்ணிய, தண்ணீர் நிரம்பிய சந்துக்குள் எண்ணெயால் நுழைய முடியாது. உங்கள் ஊருக்குக் கீழேயே உதாரணம் இருக்கிறது. காவிரிப் படுகையின் பாறை அடுக்குகளுக்கு அந்தந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், குடவாசல் களிப்பாறை, காரைக்கால் களிப்பாறை. பேருந்துப் பலகை மாதிரி இருக்கும். மாநாட்டில் இந்த அடுக்குகளை ஒரு படமாக வரைந்து, தன் ஊர் எதற்கு மேலே இருக்கிறது என்று அவள் குறித்துக் காட்டலாம்.

கருங்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வில் அது கடைசி இடத்தில் வரும், வரட்டும். ஆனால் "கருங்கல்லில் எண்ணெய் இருக்காது" என்று முடிவுரையில் எழுத வேண்டாம். வியட்நாமின் பாக் ஹோ வயலில் கருங்கல்லின் வெடிப்புகளிலிருந்துதான் எண்ணெய் எடுக்கிறார்கள். நம் சீர்காழி அருகே மாதானம் பக்கமும், படிவு அடுக்குகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் அடித்தளப் பாறையின் வெடிப்பில் எண்ணெய் உண்டு. கல் குடிக்கவில்லை, வெடிப்பு குடித்திருக்கிறது. கைப்பிடித் துண்டில் அந்த வெடிப்பு வராது, அதனால் நம் சோதனையில் தெரியாது. சோதனைக்கு எட்டாத விஷயம் என்று தனியாக ஒரு பத்தி எழுதட்டும்.

மீந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பாட்டிலில் அடைத்து மணி தம்பியின் ஷெட்டில் பழைய ஆயில் டிரம்மில் சேர்த்துவிடலாம், அதை எடுத்துப் போக ஆள் வருவார்கள்.


ஸ்பேனர்_மணி எழுதியது:

கொண்டு வாங்க அண்ணே, டிரம் இருக்கு. மணற்கல் பட்டை வெட்டணும்னாலும் சொல்லுங்க, கல் வெட்டுகிற பிளேடு போட்ட கிரைண்டர் நம்மகிட்ட இருக்கு. பாப்பா தள்ளி நின்னு பார்க்கட்டும், கண்ணாடி நான் தர்றேன்.